உறையாத ரத்தத்தின் பயணம்

திண்டிவனத்தில் ஓர் உரக்கடை. விதைக்கடலை மூட்டைகளுக்கும் தெளிப்பான்களுக்கும் நடுவே, கையெட்டும் உயரத்தில் எலி மருந்து அடுக்கி வைத்திருக்கிறது. விரல் நீளம், சோப்புத் துண்டு போல ஒரு கட்டி, கண்ணை இழுக்கும் நீலம். தானிய மாவும் மெழுகும் சேர்த்துப் பிடித்தது. கையில் வைத்தால் கனமே தெரியாது. புரோமாடியோலோன் என்ற பெயர் உறையில் பொடி எழுத்தில் இருக்கும். அதன் அளவு 0.005 சதவீதம். "உடனே சாவாதுண்ணே, நாலஞ்சு நாள் ஆவும். அதனாலதான் மத்த எலிக்குச் சந்தேகம் வராது" என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள்.

அந்த நாலைந்து நாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். எலியை ஏமாற்றுவதற்கென்றே தேடிப் பிடித்த தாமதம் அது. அதே தாமதம் மனிதர்களையும் ஏமாற்றுகிறது. விழுப்புரம் பக்கத்து வீடுகளில் "ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப்போகும் ஒவ்வொரு தாயையும் அது ஏமாற்றக்கூடும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், எப்படித் தப்புவது என்பதும் தெரியும்.

அதன் பிறந்த இடம் ஒரு வைக்கோல் போர். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் காரணம் தெரியாமல் செத்தன. கொம்பை வெட்டினால் ரத்தம் நிற்காது. காயடித்தால் மறுநாள் காளை இருக்காது. சிலது மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து விழுந்தன. கனடாவின் கால்நடை மருத்துவர் பிராங்க் ஸ்கோஃபீல்ட் காரணத்தைக் கண்டுபிடித்தார். மழையில் நனைந்து பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப்புல். நல்ல நிலையில் அது மணக்கும் புல். அந்த மணத்துக்குக் காரணம் கூமரின் என்ற பொருள். பூசணம் அந்தக் கூமரினை வேறொன்றாக மாற்றிவிடுகிறது. கெட்டுப்போன தீவனத்தைக் கொட்டிவிடுங்கள் என்பதுதான் மருத்துவர்கள் சொன்ன வைத்தியம். பஞ்ச காலத்தில் எந்த விவசாயி வைக்கோலைக் கொட்டுவான்?

1933 பிப்ரவரியில், பனிப்புயல் வீசிய ஒரு சனிக்கிழமை, விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி எட் கார்ல்சன் சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மேடிசன் நகருக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடேரி, ஏறத்தாழ 45 கிலோ கெட்ட தீவனம், ஒரு பால் கேன். கேனில் இருந்தது பால் இல்லை, உறையாத ரத்தம். கால்நடைத் துறை அலுவலகம் பூட்டியிருந்ததால் பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த கதவைத் தட்டினார். அது கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம். நம்மூர்க்காரர் ஒருவர் கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடுவாரே, அதே பதைப்புத்தான். லிங்க்கிடம் அன்று மருந்து இல்லை. ஆனால் அந்த ரத்தத்தை அவரால் மறக்கவும் முடியவில்லை.

ஆறு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1939 ஜூனில், அவர் குழுவின் ஹெரால்ட் கேம்பெல் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தார். மறு ஆண்டு அதன் அமைப்பு புரிந்தது. டைகூமரால் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதன் சாயலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருள்களைச் செய்தார்கள். நோய்வாய்ப்பட்டுச் சானடோரியத்தில் படுத்திருந்த நாள்களில் லிங்க் எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்தார். தங்கள் வரிசையிலிருந்து ஒன்றை எலிக்கு ஏன் வைக்கக்கூடாது என்ற எண்ணம் அங்கே வந்தது. 1948இல் அது கடைக்கு வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் அறக்கட்டளையின் பெயரின் முதலெழுத்துகளையும் கூமரினின் வாலையும் ஒட்டி, வார்ஃபரின் என்று அழைத்தார்கள்.

எலியின் குணம் வயல்காரர்களுக்குத் தெரியும். புதிதாக எதை வைத்தாலும் முதலில் ஒதுங்கிப் பார்க்கும். பிறகு ஒரு வாய் கடித்துப் பார்க்கும். வயிற்றைப் பிசைந்தால் அதன் பிறகு அந்தப் பக்கமே வராது. பழைய நஞ்சுகள் இதனாலேயே தோற்றன. வார்ஃபரினைத் தின்ற எலிக்கோ அன்று ஒன்றும் ஆவதில்லை, மறுநாளும் வந்து தின்கிறது. சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும்போது, தின்றதற்கும் செத்ததற்கும் தொடர்பு இருப்பது எந்த எலிக்கும் தெரிவதில்லை.

இந்தத் தாமதம் எப்படி நேர்கிறது? நம் கல்லீரல் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் சிலவற்றை வைட்டமின் கே-யின் துணையோடு செய்கிறது. உடம்பில் இந்த வைட்டமினின் இருப்பு மிகக் குறைவு. அதனால் கிணற்று வாளி போல அதே வைட்டமினைத் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றிப் பயன்படுத்துகிறது. வார்ஃபரின் அறுப்பது அந்த வாளியின் கயிற்றை. கயிறு அறுந்த அன்று வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் வராது, தொட்டியில் ஏற்கெனவே இறைத்தது இருக்கும். ரத்தத்திலும் பழைய காரணிகள் மிச்சம் இருக்கின்றன. ஏழாம் காரணி சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டாம் காரணி பாதியாக இரண்டரை நாள் பிடிக்கும். ஆகவே முதல் நாள் ரத்தப் பரிசோதனைகூடச் சரியாக இருப்பதாகக் காட்டும். தொட்டி காலியாகும்போதுதான் வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும்.

பிறகு இந்தப் பொருள் யாரும் எதிர்பாராத பக்கம் திரும்பியது. 1951இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஓர் இளைஞர் இந்த எலி மருந்தைத் தின்று உயிரை விட முயன்றார். அவருக்கு வைட்டமின் கே-யும் ரத்தமும் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். நஞ்சுக்கு மாற்று கையில் இருக்கிறது என்றால், அளந்து கொடுத்தால் இதுவே மருந்தாகுமே என்று மருத்துவர்களுக்குத் துணிவு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள்.

அந்த மாத்திரை இன்று விழுப்புரம் மாவட்டத்தின் பல வீடுகளில் இருக்கிறது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய இந்திய வால்வு, அந்த அறுவை சிகிச்சையை எளியவர்களுக்கும் எட்டவைத்தது. வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரினோ அதன் உறவான அசெனோகூமராலோ ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். "ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை" என்பார்கள். திண்டிவனத்தில் பேருந்து ஏறி, கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் இறங்கி, நோட்டுப் புத்தகத்தை நீட்டி, ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஐஎன்ஆர் என்ற எண் ஏறினால் ரத்தம் கசியும் அபாயம், இறங்கினால் வால்வு அடைக்கும் அபாயம். கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பதால் முருங்கைக் கீரையைக்கூட ஒருநாள் குவித்தும் ஒருநாள் விட்டும் சாப்பிடாமல், ஒரே அளவாகச் சாப்பிடப் பழகிக்கொள்கிறார்கள். வைக்கோல் போரில் பிறந்த நஞ்சை மனிதர் இப்படித்தான் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். விடாமல் அளந்துகொண்டிருந்தால்தான் அந்தக் கடிவாளம் நிற்கும்.

எலிகளும் சும்மா இருக்கவில்லை. 1958இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினைத் தின்றும் சாகாத எலிகள் தென்பட்டன. 1970களில் வேதியியலாளர்கள் அடுத்த தலைமுறையைச் செய்தார்கள். புரோமாடியோலோன், பிரோடிஃபாகூம், டைஃபெனாகூம். இவை கயிற்றை அறுக்கும் வலிமையில் வார்ஃபரினைவிடப் பல மடங்கு. முக்கியமான வேறுபாடு இன்னொன்று: இவை உடம்பை விட்டுப் போக மறுக்கின்றன. வார்ஃபரின் சுமார் இரண்டு நாளில் பாதியாகிவிடும். பிரோடிஃபாகூம் மனித ரத்தத்தில் பாதியாக வாரக்கணக்காகும். கொழுப்பில் கரைந்து கல்லீரலைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே தங்கும். நம் உரக்கடை அலமாரியில் இருக்கும் நீலக் கட்டி இந்த வம்சம்.

இங்கே அதற்குத் தேவை இருந்தது. திண்டிவனம் கடலைக்குப் பேர்போன ஊர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் டிஎம்வி என்ற ஊர்ப்பெயரின் சுருக்கத்தோடுதான் நாடெங்கும் போயின. கடலை முற்றும் நேரத்தில் எலி மண்ணைப் பறித்துக் காயை எடுத்துப்போகும். நெல்லில் பொதிப் பருவத்தில் தூரைச் சாய்வாகக் கடித்து வெட்டும். வரப்பெலியின் வளைக்குள் கதிர் கதிராகச் சேமிப்பு இருக்கும். முன்பெல்லாம் இருளர் குடும்பங்களைக் கூப்பிடுவார்கள். மண்சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி, சட்டியின் ஓட்டையில் வாயை வைத்து ஊதி வளைக்குள் புகை விட்டு, எலியைப் பிடித்துக் கொடுப்பார்கள். பிடித்த எலி அவர்களுக்கு உணவு, வளைக்குள் கிடைக்கும் நெல் கூலி. மருந்துக் கட்டி வந்தபின் அந்த ஏற்பாடு தேய்ந்தது. அதைவிடக் கொடுமை, மருந்தைத் தின்றுவிட்டு நாலு நாள் திரியும் எலி பார்வைக்கு நல்ல எலிதான். அதைத் தின்னும் ஆந்தைக்கும் நாய்க்கும் நஞ்சு ஏறும். சமைத்தால் முறிந்துவிடும் என்றும் நம்ப முடியாது. வயலில் மருந்து வைக்கிறவர், பக்கத்தில் எலி பிடிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பதுதான் நியாயம்.

வயலுக்கு வாங்கியதில் மிச்சம் வீட்டுக்கு வருகிறது. அடுக்களைப் பரணில், அரிசிப் பானைக்குப் பின்னால், சில நேரம் சாமி படத்துக்கு அருகில்கூட இருக்கும். குழந்தை மிட்டாய் என்று வாயில் வைக்கிறது. தேர்விலோ கடனிலோ சண்டையிலோ நொந்துபோன ஒருவர் ஆத்திரத்தில் எடுக்கிறார். அரிதாக, ஒருவர் இன்னொருவரின் சாப்பாட்டில் கலக்கிறார்.

முதல் நாள் நடப்பது இது. 108 வண்டியில் கொண்டுவந்து வயிற்றைக் கழுவுகிறார்கள் அல்லது கரி கொடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். சொந்தக்காரர்கள் "வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். மூக்கில் ரத்தம். ஊசி போட்ட இடம் கருநீலமாகப் பரவுகிறது. சிறுநீர் டீ நிறத்தில் போகிறது. பெண்ணாக இருந்தால் மாதவிலக்கு நிற்காமல் ஓடும். அதை உடம்புச் சூடு என்று சொல்லி மோர் கொடுப்பார்கள்.

திரும்ப வரும்போது அவசர வார்டில் ஒரு சின்ன சோதனை. புதிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பாம்பு கடித்து வருகிறவர்களுக்குச் செய்யும் அதே இருபது நிமிடச் சோதனை. நல்ல ரத்தமாக இருந்தால் இருபது நிமிடத்தில் கட்டியாகி, குழாயைச் சாய்த்தாலும் அசையாது. இவர் ரத்தம் சாய்த்த பக்கம் ஓடுகிறது. எட் கார்ல்சன் பால் கேனில் கொண்டுவந்ததும் இதே உறையாத ரத்தம்தான்.

இங்கிருந்து ஆரம்பிக்கும் கதை நீளமானது. 2018இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் செயற்கைக் கஞ்சாவில் பிரோடிஃபாகூம் கலந்திருந்ததால் 150 பேருக்கு மேல் ரத்தம் கசிந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் வைட்டமின் கே மாத்திரையைத் தினமும், மாதக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்தது. இவ்வகை நஞ்சு எத்தனை நாள் தங்கும் என்பதை உலகம் அந்த மாநிலத்தில் கண்ணால் பார்த்தது. இடையில் மாத்திரையை நிறுத்தினால் கல்லீரலில் பதுங்கியிருக்கும் நஞ்சு கயிற்றை மறுபடி அறுக்கும். ஒரு வாரம் நன்றாக இருந்தவர் திரும்ப ரத்தத்தோடு வருவார்.

நிரந்தரமாகத் தங்கிவிடும் கேடு பெரும்பாலும் ரத்தம் எங்கே கசிந்தது என்பதைப் பொறுத்தது. மூளையில் கசிந்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், பேச்சு குழறும், பின்னாளில் வலிப்பு வரும். தசைக்குள் கட்டி நரம்பை நெருக்கினால் கையோ காலோ மரத்துப்போய் அப்படியே நிற்கலாம். மூட்டுக்குள் கசிந்தால் மூட்டு விறைக்கும். சிறுநீரகப் பாதையில் ரத்தக்கட்டி அடைத்தால் சிறுநீரகம் பாதிக்கும். வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் கடுமையான ரத்தசோகை. வைட்டமின் கே-க்கு எலும்பிலும் ரத்தக்குழாயின் சுவரிலும்கூட வேலை இருக்கிறது. கருவுற்ற பெண்ணின் உடம்பில் இவ்வகை மருந்து கருவையும் சென்று தொடும். வார்ஃபரின் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த சில குழந்தைகளுக்கு மூக்கெலும்பு வளராமல் போனது மருத்துவம் நன்கறிந்த செய்தி. இவ்வளவையும் சொன்னபிறகு இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: நேரத்தோடு வந்து, சிகிச்சையை முழுசாக முடித்தவர்களில் மிகப் பலர் எந்தக் குறையும் இல்லாமல் பழைய வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். நஞ்சுக்கு மாற்று இருக்கிறது.

அந்த மாற்று வேலை செய்ய வேண்டுமானால் சில காரியங்கள் நடக்க வேண்டும். தின்றது எலி மருந்து என்றால், உறையைக் கையோடு எடுத்துப்போங்கள். நம்மூரில் எல்லாவற்றுக்கும் "எலி மருந்து" என்ற ஒரே பேர்தான். ஆனால் கல்லீரலையே தாக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கும் ரத்தத்தைத் தாக்கும் கட்டிக்கும் வைத்தியம் வேறு வேறு. அந்தப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். திண்டிவனத்தில் இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முதல் நாள் நன்றாக இருந்தாலும் 48 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் கணக்கு. கொடுக்க வேண்டியது வைட்டமின் கே1. கே3 என்ற வகை இந்த நஞ்சுக்கு உதவாது. மருந்தை மருத்துவர் சொன்னால்தான் நிறுத்த வேண்டும். நிறுத்திய சில நாளில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். இடையில் உடம்புவலிக்கு ஆஸ்பிரினோ, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையோ கூடாது.

மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "மயக்கம் போட்டு விழுந்துட்டான்" என்று சொல்கிறவர்கள் நிறைய. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. அவருக்கு மருத்துவமும் பராமரிப்பும் தர வேண்டியது அரசின் கடமை என்றும் சொல்கிறது. இன்னொருவர் நஞ்சு கொடுத்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 123ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை. காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து, வைட்டமின் கே கொடுத்ததும் சரியாகி, வீட்டுக்குப் போனதும் திரும்பத் திரும்ப வந்தால், அந்த நோயாளியைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது மருத்துவரின் கடமை.

ரத்தம் உறையத் தொடங்கிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. உடம்புக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்கிற நாம், மனசுக்கு ஒரு நாள் அறிவுரை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். மாத்திரை வாங்க வரும் ஒவ்வொரு முறையும் மனநல மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகட்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104இலும், சென்னை சினேகா அமைப்பின் 044-24640050இலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள்.

சினேகா அமைப்பினர் அண்டை மாவட்டமான கடலூரில், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வேலை செய்து பார்த்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில், வீட்டுக்கு ஒரு பெட்டி என்று பூட்டி வைக்கச் சொன்னார்கள். தேவைப்படும்போது போய்த் திறந்து எடுக்கலாம். நஞ்சு குடித்துச் சாவது அங்கே குறைந்தது. காரணம் எளிது. சாக வேண்டும் என்ற வெறி பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். பரணில் இருந்தால் கை போய்விடும். ஊர்ப் பொதுவிடம் வரை நடந்து, பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் வழியில் யாராவது "எங்கப்பா இந்நேரத்துல?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வி கேட்கிற நேரமும் ஒரு தாமதம்தான். லிங்க்கின் ஆய்வகம் எலிக்காகக் கண்டுபிடித்த தாமதத்தை நாம் மனிதருக்காக வைக்கும் தாமதத்தால்தான் வெல்ல முடியும். பரணில் இருக்கும் கட்டியை இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் அந்த நிமிடமே கிளம்புங்கள். பிழைத்து வந்தவரின் நோட்டுப் புத்தகத்தில் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதி எழுதியிருக்கும். அந்தத் தேதியில் அவர் பேருந்து ஏறும்போது, கூட நீங்களும் ஏறுங்கள்.